மூட்டை வந்த திசை

வெள்ளிக்கிழமை தோறும் நான் ஒரு தாளை நிரப்ப வேண்டும். லைன் நம்பர், டோக்கன் நம்பர், வேலைக்குச் சேர்ந்த தேதி, நின்ற தேதி, காரணம். எத்தியோப்பியாவில் ஹவாசா என்ற ஏரிக்கரை நகரத்தில், ஒரு சட்டைக் கம்பெனியில், தையல் லைன்களுக்கு ஆட்களைப் பழக்கிவிடும் வேலையில் மூன்று வருடம் இருந்தேன். திருப்பூரிலிருந்து போன ஆள். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. தாளில் மற்றக் கட்டங்களை நிரப்ப டைம் ஆபீஸ் கணக்கு இருந்தது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் நானே ஏதாவது எழுத வேண்டும். ‘சொந்தக் காரணம்’ என்று எழுதுவேன். சில வாரம் பத்துப் பேர், சில வாரம் இருபது பேர். அத்தனை பேருக்கும் சொந்தக் காரணம்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஹவாசா தொழில் பூங்காவை 2016 ஜூலையில் திறந்தார்கள். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து தெற்கே சுமார் 275 கிலோமீட்டர். சீன அரசுக் கம்பெனி ஒன்று ஒன்பதே மாதத்தில் கட்டி முடித்தது. வரிசை வரிசையாக 52 ஷெட்டுகள். அறுபதாயிரம் பேருக்கு வேலை என்பது திட்டம். நான் போன 2017-இல் சாலைகளில் இன்னும் புது தார் வாசம் அடித்தது. சுற்றிலும் மலை, காலையில் ஏரியின் மேல் பனி, ஊருக்குள் ஓடும் ஆட்டோவுக்குப் பெயரே ‘பஜாஜ்’. நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்கே பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்டபோது கொஞ்சம் சொந்த ஊர் மாதிரிதான் இருந்தது.

முதல் நாளே ஒரு குழப்பம். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் “நாளைக்கு எட்டு மணிக்கு வந்துவிடுங்கள்” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு “இரண்டு மணிக்கு” என்று மாற்றிச் சொன்னார். அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. நம் தாத்தா காலத்து நாழிகைக் கணக்கும் விடியலில்தானே தொடங்கியது? இது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் லைனில் தொங்கிய கடிகாரம் எங்கள் மணியைக் காட்டியது. சூரியனைப் பார்த்து வேலை செய்து வளர்ந்த பெண்களிடம், ஒரு காலர் தைக்க இத்தனை நொடி என்று நான் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் எதற்கு அங்கே போனேன் என்று கேட்டால், சம்பளத்துக்குத்தான். ஆனால் மனதில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. எங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியது பனியன் கம்பெனி. அம்மா கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்து, பிறகு செக்கிங்குக்கு மாறி, இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரோடு வருவார். அந்தக் கவர் வராத வாரம் என்று ஒன்று என் ஞாபகத்தில் இல்லை. மழையை நம்பி இருந்த குடும்பம் சனிக்கிழமையை நம்பும் குடும்பமாக மாறியது. அதனால் ஒரு ஏழை நாட்டில் தொழிற்சாலை திறக்கிறார்கள் என்றால், அங்கே எங்கள் அம்மாவைப் போல இருபதாயிரம் பேருக்கு ஒரு சனிக்கிழமை கிடைக்கப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. காலர் ஏற்றும் மிஷினில் இருந்தாள். காலர் ஏற்றுவது சட்டையிலேயே சிரமமான வேலைகளில் ஒன்று. இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், ஒரு நூல் தள்ளினால்கூடச் செக்கிங்கில் திரும்பி வரும். சாதாரணமாக ஒரு ஆளுக்கு அது கைவர ஆறு மாதம் ஆகும். இவளுக்கு இரண்டே மாதம். துணியை இழுக்கவே மாட்டாள், அதுவாகப் போகிற வேகத்துக்கு விட்டுவிடுவாள். இவளை வைத்து இன்னும் நான்கு பேரைப் பழக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். ஒன்பதாவது மாதம் அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளில் அவள் டோக்கன் நம்பர் வந்தது. சொந்தக் காரணம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் லைன் மெக்கானிக் அதே பக்கத்து ஊர்க்காரர், நல்ல ஆங்கிலம் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு அவள் தங்கியிருந்த அறைக்குப் போனேன். மண் சுவர், தகரக் கூரை, தரையில் இரண்டு மெத்தை. நான்கு பெண்கள். சுவரில் ஆணி அடித்து எங்கள் கம்பெனி ஏப்ரன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் போனதும் ஒருத்தி கரி அடுப்பில் காப்பிக்கொட்டையை வறுக்க ஆரம்பித்தாள். அங்கே விருந்தாளிக்குக் காப்பி என்றால் வறுத்து, இடித்து, காய்ச்சி, மூன்று சுற்று. பாதியில் எழுந்துவிட முடியாது. அதனால் பேச நேரம் கிடைத்தது.

“ஏன் நின்னுட்டே?” என்று கேட்டேன். அவள் என்னிடம் பேனா வாங்கி, ஒரு பழைய பண்டில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அடிப்படைச் சம்பளம் 750 பிர், அந்த நாட்டுப் பணம். ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தால் படியெல்லாம் சேர்த்து 900 தொடும். அறை வாடகையில் அவள் பங்கு 300. மதியச் சாப்பாடு கம்பெனியில். காலையும் இரவும் சாப்பிட 400. சோப்பு, எண்ணெய், போன் கார்டு எல்லாம் சேர்த்து 100. எக்குப் 100. எக்குப் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர்ச் சீட்டுதான். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பது. எல்லாம் கூட்டி அடியில் கோடு போட்டாள். 900. ஒரு நாள் காய்ச்சல் வந்து படுத்தால் படி போய்விடும், அந்த மாதம் கடன்.

அப்புறம் மூலையில் இருந்த ஒரு சாக்கு மூட்டையைக் காட்டினாள். மக்காச்சோள மாவு. அதன் மேல் இலையில் சுற்றிய ஒரு பொதி, கோச்சோ. அந்தப் பக்கம் எண்செட் என்று ஒரு செடி உண்டு. பார்த்தால் வாழையேதான், ஆனால் தாருக்காக வளர்ப்பதில்லை. அதன் தண்டையும் கிழங்கையும் சுரண்டிப் புளிக்கவைத்துச் செய்யும் மாவுதான் கோச்சோ. சிடாமா மலைப்பக்கக் குடும்பங்களுக்கு அது சோறு மாதிரி. மாதம் ஒரு முறை அவள் அப்பா பஸ் கூரையில் இந்த மூட்டையைப் போட்டு அனுப்புவார். அரை ஹெக்டேர் நிலம், கொஞ்சம் காப்பிச் செடி, கொஞ்சம் எண்செட், வீட்டில் இன்னும் ஐந்து பிள்ளைகள்.

அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டில் பணம் கம்பெனியிலிருந்து ஊருக்குப் போனது. பாட்டிக்கு மருந்து, சித்தப்பாவுக்கு விதை. இங்கே சோறு ஊரிலிருந்து கம்பெனிக்கு வருகிறது. அரை ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு மனிதர், நியூயார்க்கில் விற்கப்போகும் சட்டைக்கு மாதாமாதம் ஒரு மூட்டை மாவு கொடுத்துக்கொண்டிருக்கிறார். “அப்பாவுக்கு நான் உதவணும்னு வந்தேன். இந்த வருஷம் மழை சரியில்லை. இனிமேல் அவரால் அனுப்ப முடியாது. அதனால்தான் நின்னுட்டேன்” என்றாள். மெக்கானிக் அதை மொழிபெயர்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அடுத்த நாள் கம்பெனியில் பேச்சு வழக்கம்போலத்தான் போனது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தொழிற்சாலைப் பழக்கம் இல்லை, ஒழுங்கு இல்லை, கல்யாணம் காது குத்து என்று போய்விடுகிறார்கள். நானும் அதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். மனதார வருந்துகிறேன். அந்தப் பெண் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் கணக்கில்தான் அவள் வாடகை ஒருநாளும் வந்ததில்லை.

இது எங்கள் ஒரு கம்பெனியின் கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2019 மே மாதம் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் மையம் எத்தியோப்பிய ஆடைத் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆரம்பச் சம்பளம் மாதம் 26 டாலர், ஆடை ஏற்றுமதி நாடுகளிலேயே மிகக் குறைவு என்று அதில் இருந்தது. பங்களாதேஷில் அப்போது 95, கென்யாவில் 207, சீனாவில் 326. ஹவாசாவில் அன்றைக்கு வேலை பார்த்தவர்கள் சுமார் 25,000 பேர். முதல் வருடத்தில் தொழிற்சாலைகள் சராசரியாகத் தங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் பதில் ஆள் எடுக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கு நூறு. எத்தியோப்பியாவில் தனியார் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று அப்போது எதுவும் இல்லை. முதலீட்டாளர்களை அழைக்கும்போது அரசே அந்த மலிவுக் கூலியைச் சொல்லித்தான் அழைத்தது. கடல் இல்லாத நாடு, துணி ஆசியாவிலிருந்து வர வேண்டும், தைத்த சட்டை ஜிபூட்டித் துறைமுகம் வரை போக வேண்டும், நடுநடுவே மின்சாரம் போகும். இத்தனை செலவையும் ஈடுகட்டும் பாரம் அந்தப் பெண்களின் சம்பளத்தின் மேல் விழுந்தது.

எனக்குக் கண்ணைத் திறந்த இன்னொரு விஷயம், கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டீபன் டெர்கான் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எத்தியோப்பியாவிலேயே செய்த ஆய்வு. தண்ணீர் பாட்டில், பூந்தோட்டம், தோட்டப்பயிர், ஷூ, ஆடை என்று ஐந்து நிறுவனங்கள். வேலை கேட்டு வந்தவர்களில் கிட்டத்தட்ட ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டு சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு பகுதிக்குத் தொழிற்சாலை வேலை. ஒரு பகுதிக்கு 300 டாலர் பணமும் சொந்தமாகச் சிறுதொழில் செய்யப் பயிற்சியும். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தொழிற்சாலைக்குப் போனவர்களின் வருமானம் ஒன்றும் கிடைக்காதவர்களைவிடக் கூடவில்லை. கடுமையான உடல்நலச் சிக்கல்கள் அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கில் மூன்று பேருக்கு மேல் வருடத்துக்குள்ளேயே வேலையை விட்டிருந்தார்கள். பணம் வாங்கியவர்களின் வருமானம் 33 சதவீதம் உயர்ந்திருந்தது.

சரி, அப்படியானால் எல்லோருக்கும் 300 டாலர் கொடுத்துவிடலாமே என்றால், அதே ஆய்வாளர்கள் ஐந்து வருடம் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். மூன்று பகுதியினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். தொழிற்சாலை கொண்டுவந்த கெடுதலும் மறைந்துவிட்டது, பணம் கொண்டுவந்த நல்லதும் மறைந்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தடவை கொடுத்த பணம், ஒரு தடவை கிடைத்த வேலை, எதுவாக இருந்தாலும் சுற்றியிருப்பது மாறாவிட்டால் மனிதர் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்.

ஏழை நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் என்று நாம் பேசுகிறோம். எனக்கு இப்போது அந்தச் சொல்லே சரியாகப் படவில்லை. வேலை இல்லாமல் உட்கார வசதி வேண்டும். ஏழைகளுக்கு அந்த வசதி கிடையாது. அடிஸ் அபாபாவுக்கு மேலே எந்தோத்தோ மலை இருக்கிறது. அதிகாலையில் அங்கிருந்து பெண்கள் விறகுக்கட்டை முதுகில் கட்டி இறங்கி வருவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் கட்டு மட்டும்தான் தெரியும், கீழே இரண்டு கால். சந்தில் சந்தில் லிஸ்ட்ரோ பையன்கள் ஷூ துடைப்பார்கள். சாக்கை விரித்துத் தக்காளி, வெங்காயம், கோலோ என்ற வறுத்த பார்லி விற்கும் பெண்கள் தெருவோரமெல்லாம் இருப்பார்கள். அந்தச் சிறு சந்தைக்குக் குலித் என்று பெயர். இவர்களில் யாரையும் வேலையில்லாதவர் என்று எந்தக் கணக்கும் எழுதாது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உழைக்கிறார்கள், ஏழையாகவே இருக்கிறார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் 2020 அறிக்கை, உழைப்பவர்களில் ஐந்தில் ஒருவர், அதாவது 63 கோடிப் பேருக்கு மேல், வேலை இருந்தும் வறுமையில் இருக்கிறார்கள் என்றது. ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன கிடைக்கிறது, அது நாளைக்கும் கிடைக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எத்தியோப்பியாவில் வறுமை குறையவில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே குறைந்தது. அரசுக் கணக்குப்படி 2011-இல் 29.6 சதவீதம், 2016-இல் 23.5. ஆனால் அது எங்கள் ஷெட்டுகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் நடந்தது. 2005-க்குப் பிறகான வருடங்களில் வறுமையைக் குறைத்ததில் பெரும் பங்கு வேளாண்மையின் வளர்ச்சிக்குத்தான் என்று உலக வங்கியின் ஆய்வு சொல்கிறது. உரம், சாலை, விளைச்சலுக்கு நல்ல விலை, ஓரளவு ஒத்துழைத்த மழை. பெரும்பாலானவர்களின் உழைப்பு மண்ணில் இருக்கும்போது, அங்கே ஒரு மூட்டை கூடுதலாக விளைந்தால் அது நேராக அடுப்புக்குப் போகிறது. 2005-இல் தொடங்கிய ஒரு பாதுகாப்புத் திட்டமும் உண்டு. பஞ்சம் அடிக்கடி வரும் பகுதிகளில், வேலையில்லாத மாதங்களில், குளம் வெட்டுதல், மண் அரிக்காமல் வரப்புக் கட்டுதல் போன்ற வேலை கொடுத்துப் பணமோ தானியமோ தருவது. நம் நூறு நாள் வேலைக்கு அண்ணன் முறை. அங்கே உட்கார்ந்து அரசியல் பேசும்போது இதைச் சொன்னால் எத்தியோப்பிய நண்பர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அந்தக் காப்பிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டுக்குப் போன் செய்தேன். மூட்டைக் கதையைச் சொன்னேன். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, அந்தப் புள்ளைக்கு ரேசன் கார்டு இல்லியா?” என்றார். இல்லை என்றேன். “அப்புறம் எப்பிடிப் பொழைக்கும்? எனக்கென்ன, கம்பெனிச் சம்பளத்துலயா சோறு போட்டேன்னு நெனச்சே? அரிசி ரேசன்ல. உனக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துல. காச்சல்னா பெரியாஸ்பத்திரி. சம்பளம் வாடகைக்கும் உங்க நோட்டு புஸ்தகத்துக்கும் மட்டுந்தான் சாமி.”

முப்பது வருடமாக எங்கள் வீட்டை நிறுத்தியது பனியன் கம்பெனி என்று நினைத்திருந்தேன். அம்மா இரண்டு நிமிடத்தில் அதைத் திருத்திவிட்டார். கம்பெனிச் சம்பளம் திருப்பூரிலும் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். ஆனால் அந்தச் சம்பளத்தின் அடியில் அரசு ஒரு தரையைப் போட்டிருந்தது. 1982-இல் விரிவாக்கிய சத்துணவு, அரிசி தந்த ரேஷன் கடை. சோற்றுக்குப் போக வேண்டிய பணம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஹவாசாப் பெண்ணுக்கு அந்தத் தரை அவள் அப்பாவின் அரை ஹெக்டேர் மட்டும்தான்.

பூங்காவைக் கட்டியவர்கள் கவனம் இல்லாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே முடிவுசெய்து, அதற்கான சுத்திகரிப்பு நிலையத்தையும் சேர்த்தே கட்டினார்கள். சாயக் கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே ஸ்தம்பித்ததைக் கண்டவன். அதனால் அந்த நிலையத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே பொறாமையாக இருந்தது. தண்ணீருக்கு அவ்வளவு யோசித்தவர்கள், அறுபதாயிரம் பெண்கள் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பெண்கள் வந்து இறங்க, ஊருக்குள் வாடகை ஏறிக்கொண்டே போனது. சம்பளத்தில் ஐம்பது பிர் கூட்டினால் வீட்டுக்காரர் அறைக்கு இருநூறு கூட்டுவார். நான்காகப் பிரித்தால் அதே ஐம்பது. கூட்டிய பணம் பெண்களின் கையைத் தொட்டுவிட்டு அப்படியே போய்விடும்.

தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. எங்களோடு பங்களாதேஷ்காரர் ஒருவர் வேலை பார்த்தார். தொழில் பொறியாளர். அவர் எப்போதும் ஒன்று சொல்வார்: “எங்க ஊரும் இப்படித்தான் ஆரம்பிச்சது.” 1979-இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனி 130 பேரைத் தென்கொரியாவின் டேவூ ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சில வருடங்களில் வெளியேறி வேறு கம்பெனிகளைத் தொடங்கினார்கள், அல்லது அவற்றில் சேர்ந்து நடத்தினார்கள். அங்கிருந்து விரிந்ததுதான் இன்றைய பங்களாதேஷ் ஆடைத் தொழில். ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருந்த கிராமங்களில் பெண்பிள்ளைகள் அதிக வருடம் படித்தார்கள், கல்யாணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயின என்று ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் இருவரும் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். எண் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று தெரிந்தபோது, அப்பாக்கள் பெண்ணைப் பள்ளியில் விட்டுவைத்தார்கள். இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தப் பங்களாதேஷில் சம்பளம் எப்படி ஏறியது என்றும் பார்க்க வேண்டும். 1994-இல் குறைந்தபட்சம் 930 டாக்கா. அதைத் தொட்டு மாற்றப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று, 2006-இல் 1,662. 2010-இல் 3,000. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வருடக் கடைசியில் 5,300 ஆனது. 2018-இல் 8,000. 2023-இல் தொழிற்சங்கங்கள் 23,000 கேட்டு வீதிக்கு வந்தன, கிடைத்தது 12,500. ஒவ்வொரு படிக்கும் வேலை நிறுத்தமோ சாவோ வேண்டியிருந்தது. தொழிற்சாலை வந்துவிட்டால் சம்பளம் தானாக ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த வருடங்களை வரிசையாகச் சொல்லிக் காட்டுவேன்.

ஒரு முறை எங்கள் மேலாளரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லைனில் 40 பேர். ஒரு நாளைக்கு 400 சட்டை. மாதம் 26 நாள், 10,400 சட்டை. ஆளுக்கு 26 டாலர் கூட்டிக் கொடுத்து அடிப்படைச் சம்பளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் லைனுக்கு 1,040 டாலர். ஒரு சட்டைக்குப் பத்து சென்ட். கட்டிங், ஃபினிஷிங் ஆட்களுக்கும் சேர்த்தால் இன்னும் அதில் பாதி. அவர் நல்ல மனிதர், என் தாளைத் தள்ளிவிடவில்லை, இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். “கணக்கு சரிதான். ஆனா அஞ்சு சென்ட்டுக்காக ஆர்டர் வேற நாட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கேன்” என்றார். அதோடு அவர் சொல்லாத ஒன்றும் இருந்தது. ஆள் போய்க்கொண்டே இருந்ததால்தான் நாற்பது பேர் சேர்ந்து நானூறு சட்டையோடு நின்றோம். பழகிய கை தங்கியிருந்தால் அதே லைன் அறுநூறு போட்டிருக்கும். அறுநூறு போட்டால் சம்பளத்தை உயர்த்த முடியும். உயர்த்தினால்தான் பழகிய கை தங்கும். யார் முதலில் கையை நீட்டுவது என்பதில் மூன்று வருடமும் போயிற்று.

நான் 2020-இல் ஊருக்கு வந்துவிட்டேன். அந்த நவம்பரில் நாட்டின் வடக்கே டிக்ராய் பகுதியில் போர் தொடங்கியது. அமெரிக்கா வரியில்லாமல் சரக்கை அனுமதித்த அகோவா சலுகை 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவுக்கு நின்றுபோனது. அதற்கு முன்பே, பூங்காவின் பெரிய பெயரான பிவிஎச் என்ற அமெரிக்க ஆடைக் கம்பெனி, 2021 நவம்பரில் தன் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. அங்கிருந்த நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு நாடுகளுக்குப் போனார்கள். எங்களுக்கு மிஷின் பழக்கத் தெரியும், கென்யா இல்லையென்றால் ஜோர்டான். அந்தப் பெண்களில் சிலர் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். பலர் ஊருக்குத் திரும்பினார்கள். போரை முடித்தவர்களும் தொடங்கியவர்களும் வேறு, சலுகையை நிறுத்தியவர்கள் வேறு, காலையில் கேட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் வேறு.

காலர் பெண் அதற்கெல்லாம் முன்பே குலித் போட்டுவிட்டாள். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு சாக்குத் தக்காளி, ஒரு சாக்கு வெங்காயம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வெயிலுக்கு ஒரு குடை. மெக்கானிக் அவ்வப்போது அந்த வழியாகப் போவார், எனக்குச் செய்தி சொல்வார். நல்ல நாளில் கம்பெனிச் சம்பளத்தைவிடக் கூடக் கிடைக்கும், மழை நாளில் தக்காளி அழுகும். அண்ணன் மகளைக் கூடவே வைத்துப் படிக்கவைக்கிறாள். மூட்டை இப்போது வருவதில்லை. 2024 ஜூலையில் பிர்ரின் மதிப்பைச் சந்தைக்கு விட்டார்கள், டாலருக்கு 57 ஆக இருந்தது சில வாரத்தில் நூறைத் தாண்டியது. எண்ணெய் விலை ஏறிவிட்டது, எல்லோரும் பாதிக் கிலோ வாங்குகிற இடத்தில் கால் கிலோ வாங்குகிறார்கள் என்று சொன்னாளாம்.

கடைசியாக மெக்கானிக் பேசியபோது, பூங்காவில் ஏதோ ஒரு ஷெட்டுக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், காலர் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமையாம் என்றார். “அவகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டேன். சொன்னாராம். சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லையாம். தக்காளியைத் தராசில் போட்டுக்கொண்டே, “தங்க அறை கொடுக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னாளாம். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.